தையல்காரியின் வலப்பாதி

தையல்காரி தன் நாத்தனாருக்குப் பணிவிடை செய்யப் போன அன்று, அவளில் வலப்பாதி மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. இடப்பாதி வீட்டிலேயே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டது. பிரிந்த இடம் மடித்துத் தைத்த ஓரம் போலச் சுத்தமாக இருந்ததால் ரத்தம், காயம் என்று எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தார் கொஞ்ச நாள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

காரணம் ஊரறிந்ததுதான். தையல்காரியின் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் இந்த நாத்தனார், "அவகிட்ட துணி குடுத்தா மிச்சம் வீடு வந்து சேராது" என்று தெருத்தெருவாகச் சொல்லி வைத்தாள். ஒரு தையல்காரிக்கு இதைவிடக் கெட்ட பேர் கிடையாது. அதைத் துடைக்கவே பல வருஷம் ஆயிற்று. இப்போது நாத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது, பார்க்க நாதியில்லை. காலை ஜெபத்தில் ஆண்டவர் தையல்காரியிடம், "போ" என்றார். அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாததால் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனாள்.

கட்டிலில் கிடந்த நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மீதி எங்கடி?"

"வீட்டுல இருக்கு அண்ணி. வேலை கிடக்குல்ல."

ஒற்றைக் கையால் சாப்பாடு ஊட்டலாம், முகம் துடைக்கலாம். ஆளைப் புரட்ட முடியாது. ஒரே கிடையாகக் கிடந்து நாத்தனாரின் முதுகு புண்ணானது. புண் ஆழமானால் ஆள் தேறாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். போதகர் வந்து டீ குடித்துவிட்டு, "அந்தப் பாதி என்னம்மா சொல்லுது?" என்று விசாரித்தார். "கோவமா இருக்குங்க ஐயா" என்றாள் தையல்காரி. அன்று ஆண்டவரிடமும் கொஞ்சம் சூடாகவே பேசினாள். "போன்னு சொன்னீங்க, வந்துட்டேன். சிரிச்ச முகத்தோட போன்னு சொல்லவே இல்லையே."

நைட்டி புண்ணில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போதெல்லாம் நாத்தனார் அலறினாள். ஒருநாள் தையல்காரி அந்த நைட்டியைத் தடவிப் பார்த்தாள். முரட்டுத் துணி, முதுகின் குறுக்கே தடித்த தையல். "எந்தப் பாவி தைச்சான் இதை?" என்றாள். மனசு கேட்கவில்லை. முதுகில் தையலே படாமல், பின்பக்கம் திறந்து, விலாவில் நாடா கட்டுகிற மாதிரி ஓர் அங்கி கண்ணுக்குள் வந்து நின்றது. ஓய்ந்த நேரத்தில் தனக்குத் தைத்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்த மெல்லிய நீலப் பருத்தியை எடுத்து விரித்தாள். அதை ஆண்டவரும் கேட்கவில்லை, நாத்தனாரும் கேட்கவில்லை. டேப்பைப் பல்லில் கடித்து அளவெடுத்தாள். கத்தரி ஓடத் தொடங்கியபோது ஆலயத்தில் பாடுகிற பாட்டொன்றை வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது.

அதே நேரம் இடப்பாதி மிஷினை மூடி, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறியது. அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று குழம்பிய கண்டக்டர், வயதைப் பார்த்து முழு டிக்கெட்டே கிழித்தார். வந்ததும் வராததுமாகத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது. ஊசி கோத்து முடிவதற்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மறுநாள் காலை நாத்தனாருக்கு நீல அங்கியை உடுத்தி, இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, தலையணை கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தாள். மாதக்கணக்கில் கூரையையே பார்த்துக் கிடந்தவள் தெருவைப் பார்த்தாள். கண் நிறைந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அது அவள் சுபாவம். அதை எதிர்பார்க்கவும் தையல்காரி மறந்துபோயிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான்.

"எப்பத் திரும்பிப் போவ?" என்று தெருவைப் பார்த்தபடியே நாத்தனார் கேட்டாள்.

"எங்க அண்ணி போறது? அங்க யாரு இருக்கா? நான் மொத்தமா இங்க வந்துட்டேனே" என்று சொல்லிவிட்டு, அவளை முன்னால் சாய்த்துப் பிடித்துப் புண்ணுக்கு மருந்து போட்டாள்.