எல்லாவற்றையும் ஏற்கிறேன்

பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோயிலோ நகரச் சந்தைத் தெருவில் இருந்த பேரங்காடியின் ஓய்வறையில், மதியம் பன்னிரண்டரைக்கு, எட்டுப் பெண்கள் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரும் கல்லாவில் நிற்பவர்கள். புயல் பக்கத்துத் தீவைத் தொட்டுவிட்டது என்று காலையிலிருந்தே பேச்சு. ஆனால் யார் கையிலும் கைபேசி கிடையாது. வேலைக்கு நுழையும்போதே காவலாளியின் எதிரில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மாலையில்தான் திரும்பக் கிடைக்கும். வெளியுலகம் அவர்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் வழி. ஆளுக்குப் பத்து நிமிடம். மேற்பார்வையாளர் மேடம் ஃபெலிக்கும் அதே கம்ப்யூட்டர்தான். அவருக்கு மட்டும் பத்து நிமிடக் கணக்கு கிடையாது.

"எந்திரிடீ ஜோவெலின். புயல் எச்சரிக்கை மூணாம் எண்ணுக்குப் போயிடுச்சான்னு பாக்கணும்."

"மூணுக்குப் போனா கடைய மூடிடுவாங்க. ரெண்டுலயே நின்னா நனைஞ்சுக்கிட்டே வேலை பாக்கணும். நான் மூணுக்குத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

"வேண்டிக்கோ. உன் கூரை பறந்தா என்கிட்ட வந்து அழாத."

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் மேடம் ஃபெலி உள்ளே வந்தார். கொண்டையில் பென்சில் செருகிய, முதலாளிக்காக இருபது வருடமாக அந்தக் கடையை நடத்துகிற பெண்மணி. சிரிப்பு நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் புயல் செய்தியைத் திறந்தார்.

புயல் வரைபடத்துக்கு வலப்பக்கம் ஒரு தொட்டில். கீழே, வயிறு மேடிட்ட பெண்ணுக்கான கவுன். மேலே தள்ளினார், மழை அளவைச் சொல்லும் இரண்டு பத்திகளுக்கு நடுவில், 'பதினான்காவது வாரத்தில் உங்கள் குழந்தை' என்று ஒரு படம்.

மேடம் ஃபெலி மெதுவாகத் திரும்பினார்.

"யாரு?"

மூலையில் உட்கார்ந்திருந்த மெர்லிண்டாவின் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது.

அந்தக் கடையில் ஒப்பந்தம் ஐந்து மாதம். ஆறாவது மாதம் தொட்டால் நிரந்தர ஊழியர் என்று சட்டம் கேள்வி கேட்கும் என்பதால் ஐந்தில் வெட்டி, வேண்டியவர்களை மறுபடி எடுப்பார்கள். புதிய பட்டியலில் முதலாளி நாளைக் காலை கையெழுத்துப் போடுகிறார். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் பெயர் பட்டியலில் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. மெர்லிண்டாவின் கணவன் படகில் போகிறவன். புயல் மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பட்டியல் நாலு மணிக்குப் போகுது. பிரசவத்துக்கு ஆள் லீவு போட்டா கிறிஸ்துமஸ் கூட்டத்துல கல்லாவுல நான் நிக்கவா?" மேடத்தின் கண் ஒவ்வொரு பொட்டலமாக நகர்ந்து ஜோவெலினிடம் நின்றது. அவள் பச்சை மாங்காயை இறால் விழுதில் தோய்த்து, பாதி கடித்த நிலையில் உறைந்திருந்தாள்.

"ஓஹோ. தினமும் மாங்காய்."

"ஐயோ மேடம்! நான் பத்து வயசுலேருந்து மாங்காய் தின்னுறேன். எனக்கு இன்னும் ஒரு பையன்கூட மாட்டல!"

"பையன் மாட்டினானா இல்லையான்னு முதலாளி சாருகிட்ட சொல்லு. நாலு மணிக்குள்ள யாருன்னு சொன்னா சரி. இல்லாட்டி உன் பேரை அடிச்சிடுவேன்."

மேடம் கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஜோவெலின் மாங்காயைக் குப்பையில் போட்டாள்.

மூன்று மணி இடைவேளையில் மெர்லிண்டா, எவாங்கலினைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். எவாங்கலினும் கல்லாவில் நிற்பவள்தான்; எல்லோருக்கும் வேஞ்சி அக்கா. இதற்கு முன் செபு நகரில் ராத்திரி பகலாக வெளிநாட்டுக்காரர்களுக்குத் தொலைபேசியில் கம்ப்யூட்டர் சந்தேகம் தீர்த்தவள். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மெர்லிண்டா கிசுகிசுத்தாள்.

"அக்கா, நான்தான்."

"தெரியும். ஒரு மாசமா கழிவறைக்கு ஓடுறியே, வயித்துப்போக்குன்னா இவ்வளவு நாளா இருக்கும்?"

"ஆனா நான் ஹிஸ்டரிய அழிச்சேன் அக்கா! ஒவ்வொரு தடவையும் அழிச்சேன். எப்படித் தெரிஞ்சுது?"

"ஹிஸ்டரின்னா நீ போன கடைகளோட பட்டியல். அதைத்தான் கிழிச்சிருக்க. குக்கீஸ் அப்படியே இருக்கு."

"அது என்ன கருமம்?"

"நம்ம வாசல்ல பை வாங்கி வச்சுக்கிட்டு நம்பர் வில்லை குடுக்கிறோமில்ல? வில்லை இருந்தாத்தான் உன் பை எதுன்னு தெரியும். வெப்சைட்டும் அப்படி ஒரு சின்ன குறிப்பை இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டு வைக்குது. நீ திரும்ப வந்தா, அன்னைக்கு வந்தவதான் நீன்னு தெரிஞ்சுக்கும். அது பரவாயில்ல, அது இல்லாம சில வேலை நடக்காது. ஆனா அதே வாசல்ல வெளியாள் ஒருத்தன் நிக்கிறான். விளம்பரக்காரன். அவனும் ஒரு குறி ஒட்டுறான். அவனோட ஆளுங்க தொட்டில் கடையில நிக்கிறாங்க, புயல் செய்தி வாசல்லயும் நிக்கிறாங்க. குறியப் பாத்ததும், 'ஆ, தொட்டில் பாத்த ஆளு வந்தாச்சு'ன்னு படத்தைத் தூக்கிக் காட்டுறான்."

"என் முதுகுலயா ஒட்டுனான்?"

"உன் முதுகுல ஒட்டியிருந்தா உன்னோட போயிருக்கும். ஒட்டுனது கம்ப்யூட்டர் முதுகுல. யாரு உக்காந்தாலும் அதே தொட்டில்தான். அவனுக்கு நீயும் ஒண்ணு, மேடமும் ஒண்ணு."

"என்னைக் கேக்காம எப்படி அக்கா ஒட்டலாம்?"

"கேட்டானே. ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி வந்து மறைச்சிருக்குமே. நீ என்ன அமுக்குன?"

மெர்லிண்டா விழித்தாள். "'எல்லாவற்றையும் ஏற்கிறேன்'. பெரிசா, பச்சையா இருந்துச்சு. பத்து நிமிஷத்துல யாரு அக்கா படிப்பா? பின்னால நாற்காலிய உதைக்கிறாளுங்க."

"அந்த அவசரத்தை நம்பித்தான் அவன் பச்சை அடிச்சு வச்சிருக்கான். 'நிராகரி' பக்கத்துலயே சின்னதா, மங்கலா இருந்திருக்கும்." வேஞ்சி கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு இருபது. இப்பவே போய் குக்கீஸ் எல்லாத்தையும் அழிச்சிடலாம். ரெண்டு நிமிஷம். தொட்டில் மறைஞ்சிடும். உன் பேரு வெளிய வராது."

மெர்லிண்டா மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜோவெலின் பேரு?"

வேஞ்சி கதவுப் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு அக்கா. தொட்டில் மறைஞ்சா அவ பேரு திரும்ப ஏறுமா?"

"ஏறாது. மேடம் பாத்தது பாத்ததுதான்."

வெளியே காற்று தகரக் கதவை உதைத்தது. மெர்லிண்டா தன் வயிற்றின் மேல் ஏப்ரனை இறுக்கிக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி தளர்த்திக் கட்டினாள்.

"நான் போறேன்."

மூன்று ஐம்பதுக்கு மேடம் ஃபெலி ஓய்வறைக் கம்ப்யூட்டரில் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஜோவெலின் இருந்த வரி ஏற்கெனவே காலியாகியிருந்தது.

"மேடம். நான்தான்."

மேடம் தலை நிமிராமல் கேட்டார். "எத்தனை மாசம்?"

"மூணரை."

"உண்மையச் சொன்னதுக்கு நன்றி. ஜோவெலின் பேரை ஏத்திடுறேன்." விசைப்பலகை சத்தம். "உன்னுதை எடுத்திடுறேன். தப்பா நினைக்காத. சாரோட முடிவு."

மெர்லிண்டாவுக்கு அழக்கூட வரவில்லை. பின்னாலேயே வந்திருந்த வேஞ்சி முன்னால் வந்தாள்.

"மேடம், அனுப்பறதுக்கு முன்னால ஒண்ணு. நாளைக்குக் காலைல சார் கையெழுத்துப் போட இதே நாற்காலியிலதான் உக்காரப் போறாரு. திரையில தொட்டில் வந்தா நம்ம எல்லாருக்கும் அசிங்கம். துடைச்சிடவா?"

"துடை. சீக்கிரம்."

வேஞ்சி நின்றபடியே மௌஸை வாங்கினாள். அமைப்புகள், தனியுரிமை, சேமித்த தளங்களின் தகவல். நீளமான பட்டியல் ஒன்று விரிந்தது. இருநூறுக்கு மேல் பெயர்கள். தொட்டில் கடை. மகப்பேறு மருத்துவமனை. முகப்பரு மருந்து. காதல் பொருத்தம் பார்க்கும் தளம்.

"இத்தனையுமா இதுக்குள்ள இருக்கு?" மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "யார் யாரோடது?"

"எல்லாரோடதும் மேடம். இந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்த எல்லாரோடதும்."

பட்டியல் கீழே நகர்ந்தது. சட்டென்று மேடத்தின் விரல் வேஞ்சியின் கைமேல் அழுந்தி நிறுத்தியது.

கனடாவில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர். அதற்குக் கீழே விசா விண்ணப்பத் தளம். அதற்குக் கீழே டொரோண்டோவில் வாடகை அறை.

ஏழு மாதமாக யாருக்கும் சொல்லாமல் மேடம் ஃபெலி போட்டுக்கொண்டிருக்கும் விண்ணப்பம். போகப் போகிறவள் என்று தெரிந்தால் முதலாளி மறுநாளே வேறு ஆள் பார்த்துவிடுவார். விசா வருமோ வராதோ, வேலை போயிருக்கும். கனடா விளம்பரங்களும் இத்தனை நாள் அதே திரையில் வந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். தனக்கு வேண்டிய படம் தன் கண்ணை உறுத்துவதில்லை.

வேஞ்சி திரையைப் பார்த்தாள். பிறகு புயல் அடிக்கும் ஜன்னலைப் பார்த்தாள். மெர்லிண்டாவுக்கு அந்த எழுத்துகள் தெரிகிற தூரமில்லை.

சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டது. மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"சார்... இதைப் பாத்தா தெரிஞ்சுக்குவாரா?"

"பட்டியலைத் திறந்தா தெரியும் மேடம். திறக்காட்டியும், பக்கத்துல படம் வரும். மாங்காயப் பாத்தே நாம ஒருத்திய முடிவு பண்ணோமே."

மேடம் ஃபெலி நாற்காலியில் சாய்ந்தார்.

"எல்லாத்தையும் அழி."

வேஞ்சி அழுத்தினாள். பட்டியல் வெறுமையானது. 'வெளியார் குக்கீகளைத் தடு' என்ற இடத்திலும் ஒரு சொடுக்கு வைத்தாள். "இனிமே விளம்பரக்காரங்க இதுல சுலபமா குறி ஒட்ட முடியாது மேடம். படிக்காம 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்'னு அமுக்கினதாலதான் இத்தனையும் சேர்ந்துச்சு; 'நிராகரி'ன்னு பக்கத்துலயே சின்னதா இருக்கும். பொதுக் கம்ப்யூட்டர்ல சொந்த விஷயம் பாக்கணும்னா, தனி ஜன்னல் ஒண்ணு இருக்கு. மூடினா குக்கீஸும் போயிடும். எங்கயாவது பாஸ்வேர்ட் போட்டு உள்ள நுழைஞ்சா வெளியேறிட்டுத்தான் எந்திரிக்கணும்."

மேடம் பெயர்ப் பட்டியலை மறுபடி திறந்தார். ஜோவெலின் பெயர் ஏறியிருந்தது. அடுத்த வரியில் மெர்லிண்டா என்று தட்டினார். அனுப்பினார்.

"மேடம்... சாரு?"

"கர்ப்பம்னு ஒருத்திய வேலையிலேருந்து எடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. எனக்குத் தெரியாம இல்ல. தெரியாத மாதிரி இருபது வருஷம் இருந்துட்டேன். சாருகிட்ட நான் பேசிக்கிறேன். அவர் கத்துவாரு. கத்தட்டும்."

மெர்லிண்டா அப்போதுதான் அழுதாள்.

மேடம் எழுந்து கதவைத் திறந்தார். வாசலில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரும் பின்வாங்கினார்கள்.

"ஓடாதீங்கடீ, நில்லுங்க. ஜோவெலின், உன்னை வாய் கூசாம சந்தேகப்பட்டேன். என் தப்பு." குரல் கரகரத்தது. "எல்லாரும் கேட்டுக்கோங்க. ஒருத்தியோட ரகசியம் அவளோட சொத்து. அது ஒரு திரையில தெரிஞ்சிட்டதாலேயே நமக்குச் சொந்தமாயிடாது. திரை சொல்றதை வச்சு ஒருத்தியத் தண்டிக்கிறது பாவம். அதே மாதிரி, கேக்கிறவனுக்கெல்லாம் படிக்காம 'சரி'ன்னு அமுக்குறது நம்ம வீட்டுச் சாவிய நாமே தூக்கிக் கொடுக்கிற முட்டாள்தனம். 'வேண்டாம்'ங்கிற பொத்தானும் அங்கேயேதான் இருக்கு. சின்னதா இருக்கும். தேடி அமுக்குங்க. பின்னால நிக்கிறவ நாற்காலிய உதைக்காம ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க."