சூடு பட்டால் விரியும்

தேவசேனாவின் கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. எல்லாருடைய கவலையும் அவள் அப்பா மணிவேலின் வலது கையைப் பற்றித்தான். ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் பவர்லூம் ஓட்டிய கை அது. பக்கவாதம் வந்து உடம்பு தேறிவிட்டது. அந்தக் கை மட்டும் மூடியது மூடியபடி நின்றுவிட்டது. தாரை வார்க்கும்போது பெண்ணின் கையை ஏந்தி மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டியவர் அப்பா. மூடிய கையில் எதை ஏந்துவது?

"நான் குடுத்துர்றேன், அதுக்கின்னா," என்றார் சித்தப்பா ரங்கையா. எந்தக் கல்யாண போட்டோவிலும் நடுவில் நிற்க ஆசைப்படுகிறவர் அவர்.

"அவனே குடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மணிவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேவசேனாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

உருவம் மாறும் பொருட்களை அச்சிடுவதுதான் திருப்பதி ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. பிரிண்டரிலிருந்து வரும் ரப்பர் பட்டை சூடு பட்டால் தானாக நிமிரும், ஆறினால் மறுபடி சுருண்டுகொள்ளும். மோட்டாரும் இல்லை, ஒயரும் இல்லை. அந்தப் பட்டைகளை வைத்துக் கையுறை செய்தால் அப்பாவின் விரல்களைப் பிரித்துவிடலாம் என்று துணிந்தாள். முதல் கையுறை கொதிக்கிற தண்ணீரில்தான் அசைந்தது. அந்தச் சூட்டில் இட்லி வேகலாம், கை வேகக் கூடாது. அடுத்தது இரண்டு விரலை மட்டும் நிமிர்த்தி, மணிவேலைத் தேர்தலில் ஜெயித்தவர்போல் ஆக்கிவிட்டது. அவரே சிரித்துவிட்டார். ரப்பர் கலவையை மாற்றி மாற்றி, கடைசியில் குளிக்கிற வெந்நீரிலேயே ஐந்து விரலும் மெல்ல விரியும்படி செய்துவிட்டாள். அவள் அம்மா இந்திராணி அந்த உள்ளங்கையைத் தடவிப் பார்த்து அழுதாள்.

முகூர்த்தம் நாராயணவனம் கோயிலில். ஃப்ளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரில் கையுறையோடு கையை நனைத்ததும் விரல்கள் விரிந்தன. மணிவேல் மகளின் கையை வாங்கி ஏந்திக்கொண்டார். ரங்கையா ஓரமாக நகர்ந்து நின்றார்.

ஐயர் மந்திரம் சொல்ல, இந்திராணி செம்பைச் சாய்த்தாள். விடியலில் பிடித்து வைத்த தண்ணீர், சில்லென்று கையுறைமேல் விழுந்தது. அப்போதுதான் தேவசேனாவுக்கு உறைத்தது. எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறாள். தாரையை யாராவது வெந்நீரில் வார்ப்பார்களா? ஆராய்ச்சி செய்த புத்திக்கு இது எட்டவில்லையே. கையுறை அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டன.

மாப்பிள்ளை ஹரிபிரசாத் நீட்டிய கையோடு நின்றான். "கானிவ்வண்டி, ஆகட்டும், நேரம் போய்க்கினே கீது," என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

தேவசேனாவுக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. "நைனா, கொஞ்சம் பொறு. சுடுதண்ணி ஊத்துனா வுட்ரும்."

மணிவேல் தன் கைக்குள் இருந்த அவள் கையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஊத்தலாம் இரும்மா. நோவு வந்ததுலேர்ந்து இந்தக் கையால உன்னைப் புடிச்சதே இல்ல. மாப்ள, கொஞ்சம் இருங்க, குடுத்துர்றேன்."

"பரவால்ல மாமா, மெதுவா குடுங்க," என்று ஹரிபிரசாத் நீட்டிய கையை இறக்கிக்கொண்டான். ஐயரும் மந்திரத்தை முதலிலிருந்து மெதுவாக ஆரம்பித்தார்.