மாமிர்குல் கேட்ட மிச்ச ஒப்பாரி

ஏப்ரல் மாதம் சேற்று வெள்ளத்தில் செத்துப்போன குதிரை வியாபாரி மாமிர்குல், அக்டோபர் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். அடையாள அட்டையில் இருந்த முகமும் ஆளின் முகமும் ஒன்றாகவே இருந்ததால் அதிகாரிகள் ஆட்சேபிக்கவில்லை.

தவறு அசில்கானுடையது. மலையிலிருந்து இறங்கிய சேறு பதினோரு வீடுகளையும் அவள் புருஷனையும் இழுத்துப் போயிற்று. மூன்றாம் நாள் உடலைக் குளிப்பாட்டிக் கம்பளிக் கூடாரத்தில் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். நாரின் மலைப்பக்கத்து வழக்கப்படி அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்து, செத்தவரின் பெருமைகளை ஒவ்வொன்றாகப் பாடி அழுதுகொண்டிருந்தாள். பாதியில், ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிவிட்டார் என்று யாரோ கத்தினார்கள். புளித்த குதிரைப்பாலான குமிஸ் விற்கும் சத்தார்குல் வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஊரே ஓடியது. அசில்கானும் ஓடினாள், இரண்டு கிண்ணம் டீ குடிக்கும் நேரத்துக்கு மட்டும். திரும்பி வந்தபோது மாமிர்குல் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"சாம்பல் குதிரையை நான் அடக்கினது வரைக்கும் வந்தே. அப்புறம்?" என்றார்.

உட்கார்ந்திருப்பவரைப் புதைக்க எந்த ஓதலும் தனக்குத் தெரியாது என்று சொல்லி முல்லா வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் நாட்டில் எதற்கும் குறைவில்லை. மே மாதம் தெற்கே பூமி குலுங்கியது. ஜூலையில் ஆட்டுடலுக்காகக் குதிரைமேல் மல்லுக்கட்டும் கோக்-போரு இறுதிப்போட்டிக்கு மாமிர்குல் ஊர் அணியில் இறங்கினார். அவர் கிட்டே வந்ததும் எதிரணிக் குதிரைகள் முன்னங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்துகொண்டன. கோப்பை நம் ஊருக்கு வந்தது. செத்தவர் ஆடக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. தேர்தல் நெருங்கியதும் வேட்பாளர் ஒருவர் கூடாரத்துக்கு நிலக்கரி அனுப்பினார், இன்னொருவர் தொலைக்காட்சி அனுப்பினார். நிலக்கரி எரிந்தது, சூடு மட்டும் வரவில்லை. கலாசார விழாவுக்கு வந்த பெரிய பாடகர் ஒருவர், ஒப்பாரியைத் தானே முடித்துவைப்பதாகச் சொல்லி மதியம் முழுக்கப் பாடினார். மாமிர்குல் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நல்ல குரல் அண்ணே. ஆனா நீங்க சொல்ற ஆளு நான் இல்ல" என்றார்.

இதில் நஷ்டப்பட்டது சத்தார்குல்தான். கூடாரத்தைச் சுற்றி நூறு அடிக்குக் கோடையிலும் உறைபனி கிடந்தது. ஊரில் குதிரைப்பால் புளிக்க மறுத்தது.

"அக்கா, நாலு வரி பாடி அனுப்பிவிடேன். என் பால் அப்படியே பச்சைப் பாலாக் கிடக்கு."

"மறந்துபோச்சு, சத்தார்குல்."

"பத்து வருஷம் முன்னாடி நான் வாங்கின சேணத்து விலையை நேத்து ஞாபகமாச் சொன்னியே."

"அது சேணம்."

அவள் மறக்கவில்லை என்பது ஊருக்குத் தெரியும். பாடினால் அவர் போய்விடுவார். பாடாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் அவள் நகங்கள் நீலமாயின, பிறகு விரல்கள், பிறகு மணிக்கட்டு. "தோள் வரைக்கும் ஏறிச்சுன்னா நீயும் அவர்கூடதான்" என்று மருத்துவமனைச் செவிலி சொன்னாள். அசில்கான் கையுறை மாட்டிக்கொண்டாள்.

வருஷம் திரும்பியது. வருஷ விருந்தோடு செத்தவரை வழியனுப்பியே ஆக வேண்டும். குதிரை அறுத்து நானூறு பேருக்குச் சமைத்தார்கள். நீலம் அவள் முழங்கையைத் தாண்டியிருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சாம்பல் குதிரைக்கு அடுத்த வரியிலிருந்து எடுத்தாள். கடைத்தெருவில் யாரையும் ஏமாற்றாதவர் என்ற இடத்தில் இரண்டு பேர் இருமினார்கள். அவள் நிறுத்தவில்லை. தன்னை அவர் முதன்முதலில் பார்த்த நாள்வரை வந்து, கடைசி வரியையும் பாடி முடித்தாள். திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் அப்படியே இருந்தாள்.

பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"நல்லா இருந்துச்சு. முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லு."

அசில்கான் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு முதல் வரியைத் தொடங்கினாள். கூடாரத்தில் இருந்த எல்லோர் வாயிலும் ஆவி பறந்தது, அசில்கான், மாமிர்குல் இருவர் வாயைத் தவிர. விருந்தினர்கள் இறைச்சி ஆறுவதற்குள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சத்தார்குல் அந்தக் கோடையில் குமிஸை விட்டுவிட்டு, கூடாரத்தின் பின்சுவரை ஒட்டிக் கடை போட்டு ஐஸ்கிரீம் விற்றார். நல்ல ஓட்டம்.