அறிக்கையின் மூன்றாம் பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். எழுதி வைத்துக்கொள்வேன். இருபத்திரண்டு வருடம் பள்ளி நூலகராக இருந்த பழக்கம்.

எங்கள் துணை முதல்வருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக். கையில் கிடைத்த மைக்கை அவர் தாமாகக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் கடைசி வாரத்தில் பெற்றோரும் ஊழியர்களும் கூடும் கூட்டத்தில் நூலகத்தின் ஆண்டறிக்கையை வாசிப்பவர் அவர்தான். எழுதுபவள் நான். "'நான்'னு போட்டே எழுதுங்க, அப்பத்தான் படிக்க வாட்டமா இருக்கும்" என்பார். இப்படியே ஐந்து வருடமாக நான் செய்ததெல்லாம் அவர் செய்ததாகிவிட்டது. கைதட்டலும் அவருக்கே போனது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த வருடம் அவர் என் அறையிலேயே கைவைத்தார்.

"ரெண்டு ஜன்னல், நல்ல காத்து. விருந்தினர் அறைக்கு இதுதான் சரி." அலமாரிகளுக்கு நடுவே நின்று சுவரைக் கையால் அளந்தார். "புத்தகத்தையெல்லாம் மாடிப்படிக்குக் கீழ வச்சுக்கலாம். அறிக்கையோட கடைசியில ஒரு வரி சேர்த்துடுங்க. 'நூலகத்துக்கு யாரும் வருவதில்லை, எனவே அறையை வேறு பயனுக்குக் கொடுக்கிறோம்.' தாளாளர் அம்மா கூட்டத்திலேயே சரின்னு சொல்லிடுவாங்க."

"யாரும் வர்றதில்லையா சார்?"

"நான் வந்தப்ப யாரையும் பாக்கலையே."

இந்த வருடத்தில் அவர் வந்ததே அன்றைக்குத்தான். "எழுதிடறேன் சார்" என்றேன்.

கணக்கு டீச்சர் என் நாத்தனார். கேட்டதும் சண்டைக்குக் கிளம்பிவிட்டாள். "நேரா போய்க் கேளுங்க அண்ணி. நீங்க கேக்கலன்னா நான் கேக்கறேன்."

"வேண்டாம். போன வருஷம் அவர் என்னத்தைப் படிச்சார்னு ஞாபகம் இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்ற ஆண்டு அறிக்கையின் நடுவில் அவருடைய வசதிக்காக 'இங்கே தண்ணீர் குடிக்கவும்' என்று எழுதியிருந்தேன். மனிதர் அதையும் கணீரென்று வாசித்தார். பெற்றோர் பலர் பைக்குள் பாட்டிலைத் தேடினார்கள். எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு அறவே கிடையாது.

அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். அந்த வருடம் நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். கடைசி வரியை மட்டும் அவர் சொன்னபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டேன். ஒரு பிரதியைத் தாளாளருக்கும் அனுப்பினேன்.

கூட்டத்தில் முன்னூறு பேர் இருந்தார்கள். மைக் நெஞ்சில் கை வைத்து வாசித்தார். "பேருந்து நிற்கும் பதினைந்து நிமிடத்தில் ஓட்டுநர்களுக்கும் புத்தகம் கொடுத்தேன். சமையலறைப் பெண்களை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க வைத்தேன். இரவு வேலை முடிந்து வரும் பெற்றோருக்காகக் காலை ஏழு மணிக்கே நூலகத்தைத் திறந்தேன்." மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். "இந்த ஆண்டு என் கையால் புத்தகம் வாங்கியவர்கள் எல்லாரும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்."

ஒருவரும் எழவில்லை. பதறிப்போனவர், தாளை விட்டால் விழுந்துவிடுவோம் என்பதுபோல் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை பேரா! மனம் நிறைந்துவிட்டது. நன்றி, உட்காருங்கள்."

கடைசி வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. பொய் சொல்வானேன், எனக்கு அது இனித்தது. ஐந்து வருடக் கைதட்டலையும் ஒரேயடியாகத் திருப்பி வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

முன்வரிசையில் தாளாளர் சிரிக்கவில்லை. "அப்ப இவங்களுக்கெல்லாம் புத்தகம் குடுத்தது யாரு?"

பேருந்து ஓட்டுநர் எழுந்தார். "எனக்கு லைப்ரரி அம்மாதான் குடுத்தாங்க. பதினோரு புத்தகம் படிச்சிருக்கேன்." சமையலறைப் பெண்கள் எழுந்தார்கள். தோளில் தூங்கும் பிள்ளையோடு ஓர் அப்பா எழுந்தார். என் நாத்தனார் எழுந்த வேகத்தில் நாற்காலியே பின்னால் சாய்ந்தது. பிறகு யார் முதலில் யார் பிறகு என்று எனக்குத் தெரியவில்லை, அரங்கமே நின்றுகொண்டிருந்தது.

மைக் தாளை மடித்தார். "இத்தோட முடிச்சுக்கறேன்..."

"இன்னும் ஒரு வரி இருக்கே," என்றார் தாளாளர், தன் பிரதியைப் பார்த்தபடி. "அதையும் படிச்சிடுங்க."

அப்போதுதான் மைக் என்னைத் தேடினார். நான் மேடைக்குப் போய்த் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நூலகத்துக்கு..." ஒரு மடக்குக் குடித்தார். "நூலகத்துக்கு யாரும் வருவதில்லை."

தாளாளர் பேனாவை எடுத்து, தன் பிரதியில் அந்த வரியை அடித்தார். அரங்கத்தில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். உட்காரச் சொல்லும் வரியைத்தான் மைக் முன்பே படித்துவிட்டாரே.