கௌரிசங்கரின் தளர்ந்த மணிக்கட்டு

வளைகுடாவில், புஜைரா எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் என்ஜினியராக இருந்த கௌரிசங்கருக்கு, வெடிச்சத்தம் என்றாலே ஆகாது. அவர் மனைவி நாகஜோதியோ காலேஜில் என்.சி.சி.யில் சுட்டு மெடல் வாங்கியவள். சனிக்கிழமைதோறும் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவாள். அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரும் இவர், அங்கே வெறும் டிரைவர்.

அன்று கிளப் மேனேஜர் மஹதி வாசலுக்கே வந்துவிட்டான். காயல்பட்டினத்துக்காரன்.

"அக்கா, தற்காப்பு வகுப்புக்குப் புது பிஸ்டல் வந்திருக்கு. நீங்கதான் சுட்டுப் பழக்கித் தரணும். தோட்டா கிளப்போடது."

நாகஜோதிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"பழக்கறதுக்கு அதென்னங்க மாடா?" என்றார் கௌரிசங்கர்.

"புது ஸ்பிரிங் இறுக்கமா இருக்கும் சார். நிறையச் சுட்டாத்தான் பாகமெல்லாம் இசைஞ்சு வரும். அதுவரைக்கும் நடுநடுவே சிக்கும். ஆபத்து நேரத்துல சிக்கினா என்னாவுறது?"

அவன் சொன்னபடியே முதலில் இரண்டு தடவை சிக்கியது. நாகஜோதி சிக்கலை எடுத்துவிட்டு, எண்ணெய் போட்டு, மறுபடி சுட்டாள். பிறகு தோட்டாப் பெட்டி காலியாகும்வரை ஒரு தடங்கலும் இல்லை.

"தங்கம் இது! ஏங்க, நீங்களும் ஒரு தடவை சுட்டுப் பாருங்களேன்."

மஹதி பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. காதுக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி டிரிகரை அழுத்தினார். டமார்! அடுத்த குண்டு கிளம்பவில்லை. காலி உறை வெளியே விழாமல், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் இடுக்கில் நட்டுவைத்த மாதிரி நின்றது.

"ஜோதி, இது ரிப்பேர்."

அவள் வாங்கிச் சுட்டாள். நன்றாக ஓடியது. இவர் சுட்டார். மறுபடி சிக்கியது. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்களும் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"மணிக்கட்டைத் தொளதொளன்னு வச்சிருக்கீங்க. அது உதைக்கும்போது கையும் கூடவே போனா ஸ்லைடு எப்படி முழுசாப் பின்னால போகும்?" என்றாள் நாகஜோதி.

கௌரிசங்கருக்குச் சுருக்கென்றது. "திருடன் வர்றப்ப மணிக்கட்டை இறுக்கிப் பிடின்னு சொல்லிட்டா வருவான்? பயந்தவன் கை நடுங்கத்தான் செய்யும். அப்பவும் இது சுட வேண்டாமா?"

சிரித்துக்கொண்டிருந்த மஹதி சட்டென்று நிறுத்தினான். "அக்கா, சார் சொல்றதுதான் சரி. வகுப்புக்கு வர்றவங்க யாரும் உங்கள மாதிரி இல்ல. எல்லாரும் சார் மாதிரிதான்."

உள்ளே ஓடிப்போய் வேறு வேறு தோட்டா வகைகளை அள்ளிக்கொண்டு வந்தான். ஒரு வகை சிக்கியது. இன்னொன்றும் சிக்கியது. கொஞ்சம் வேகம் கூடிய ஒரு வகை மட்டும், கௌரிசங்கரின் நடுக்கத்தையும் தாங்கிக்கொண்டு மேகசின் தீரும்வரை ஓடியது. வகுப்புக்கு அதுதான் என்று அங்கேயே முடிவாயிற்று.

அதோடு விட்டானா? புது பிஸ்டல் எது வந்தாலும் நாகஜோதி பழக்கியபின், "சார் கை பட்டாத்தான் ஓகே" என்று இவரையே கூப்பிட்டான். கௌரிசங்கரும் ஆபீஸில் வலியப் போய் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

சில மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை, வேண்டுமென்றே, முன்பு சிக்கிய வேகம் குறைந்த வகைத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தான் மஹதி. கௌரிசங்கர் கண்ணைத் திறந்துகொண்டே கடைசிக் குண்டுவரை சுட்டுத் தள்ளினார். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

மஹதி தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு! கை கெட்டியாயிருச்சு சார். இனிமே நீங்க எங்களுக்கு உதவ மாட்டீங்க."

நாகஜோதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கௌரிசங்கர் மட்டும், வேலை போன வருத்தத்தை முகத்தில் காட்டுவதா, சந்தோஷத்தைக் காட்டுவதா என்று தெரியாமல், வலது மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தபடி நின்றார்.