இடப்பக்கம் மட்டும் பார்க்கவும்

தோட்டத்து ஆபீசில் தலைமைக் கணக்கராக, பெரிய கிராணியாக இருந்த அருள்சாமி ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. தேயிலைத் தோட்டம் முழுவதற்கும் அந்தச் செய்தி எட்டிவிட்டது, அவரைத் தவிர. இப்போதும் பின்னால் நாற்பது ஆட்கள் வருவதுபோலத்தான் நடப்பார்.

மகள் கிளாரிசாவின் திருமணத்துக்கு வெள்ளை வேன் அனுப்புவதாக ஈப்போ சம்பந்தி நிக்கலஸ் சொன்னார். நிக்கலஸ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கும் தன் ஓய்வுச் செய்தி எட்டியிருக்கவில்லை.

"எம்பொண்ணு என் கார்லதான் வருவா. நாலு ரிம்மும் தங்கக் கலர்ல" என்று போனிலேயே அறிவித்தார் அருள்சாமி. அப்போது அந்தக் காரின் ரிம்கள் துருவும் சேறுமாக இருந்தன.

கம்போங் ராஜாவில் பவுடர் கோட்டிங் கடை வைத்திருக்கும் மகேன் தெளிவாகத்தான் சொன்னான். "அங்கிள், டயரைக் கழட்டிட்டு, பழைய பெயிண்ட எடுத்துட்டு, சோப்பு போட்டுக் கழுவிக் காய வச்சுக் கொண்டாங்க. அப்புறம் கையே வைக்காதீங்க. நான் பவுடர் அடிச்சு அடுப்புல வேக வச்சுத் தர்றேன்."

"ஃபேக்டரியவே நடத்துனவன்டா நான். எனக்கே கழுவச் சொல்லித் தர்றியா?"

பெயிண்ட் கரைக்கும் மருந்து, கம்பி பிரஷ், உப்புத்தாள் என்று மூன்று நாள் தேய்த்தார். வேலை சுத்தம்; அதில் பொய்யில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாம்பல் பூத்துக் கிடந்த நான்கு ரிம்களைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. துரை பார்வையிட வருகிறார் என்றால் குப்பைக்கூடையைக்கூட மினுக்கி வைத்த கை அது. இப்படி வெளிறிப்போன சாமானையா அடுத்தவன் கடையில் கொண்டுபோய் வைப்பது? தேங்காய் எண்ணெய் போத்தலை எடுத்து, தலைக்குத் தேய்ப்பதுபோல அழுத்தித் தேய்த்தார்.

இரண்டு ரிம் முடிந்ததும் மனைவி டோரீன் போத்தலைப் பிடுங்கினாள். "கல்யாணச் சமையலுக்கு வச்சிருக்கேன். காருக்குத் தலைவலின்னா மாத்திரை குடுங்க."

திருமணத்துக்கு முதல் நாள் மகேன் போன் செய்தான். பாதி பேச்சு, பாதி சிரிப்பு. "அங்கிள், ரெண்டு ரிம் தங்கம் மாதிரி வந்துருக்கு. மத்த ரெண்டும் அப்பளம் மாதிரி பொரிஞ்சிருச்சு. கடை பூரா வடை சுட்ட வாசம். பவுடர் அடிக்கிறதுக்கு முன்னாடி நானும் தின்னர் போட்டுத் துடைச்சுத்தான் பாத்தேன், எண்ணெய் உள்ளயே ஊறிப்போச்சு லா."

"திருப்பி அடிக்க முடியாதா?"

"முடியும். ரெண்டு நாளாகும்."

இரண்டு நாள் இல்லை. நல்லவை இரண்டையும் இடப்பக்கமும், கொப்புளம் போட்டவற்றை வலப்பக்கமும் மாட்டினார்கள். இடப்பக்கம் மட்டும் பார்த்தால் மகாராஜா ஊர்வலம்தான்.

ஆனால் தேவாலய வளாகத்தில் ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். வலப்பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும். அவர்கள் நகரட்டும் என்று அருள்சாமி மாதா சிலையை ஒரு சுற்று சுற்றினார். பாடகர் குழு வருகைப் பாடலைத் தொடங்கி நிறுத்தியது. இரண்டாவது சுற்று, மறுபடி தொடங்கி நிறுத்தியது. மூன்றாவது சுற்றில் ஆர்மோனியக்காரர் எழுந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்பா, தேரா ஓட்டுறீங்க?" என்றாள் கிளாரிசா. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நிறுத்துங்க, எனக்குத் தலை சுத்துது."

நின்றதும் வலப்பக்கக் கதவைத் திறந்து, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். ரிம்மை ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

அதைத்தான் அருள்சாமியால் தாங்க முடியவில்லை. விருந்து முடிவதற்குள் நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் இடப்பக்கத்தைக் காட்டினார். ஐந்தாவதாகச் சிக்கிய நிக்கலஸ், நேராக வலப்பக்கம் போய்க் குந்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொப்புளங்களைத் தடவினார்.

"இந்த டிசைன் ஈப்போல கிடைக்காதே சம்பந்தி. எங்க போட்டீங்க?"

அருள்சாமி டையைச் சரிசெய்துகொண்டார்.

"கடையில கேட்டா தர மாட்டாங்க, சம்பந்தி. கைப்பக்குவம்."