சாமிக்குச் சொன்ன பழைய விலாசம்

ஜூன் பிறந்தால் எங்கள் ஊரான ஹுவாலியனில் படிப்புச் சாமிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அன்றும் கோயிலில், படிப்பில் ஊக்கம் வரும் என்று படைக்கும் செலரிக் கீரைக் கட்டோடு நீளமான வரிசை. எனக்குப் பயோமெடிக்கல், சிவில் இன்ஜினியரிங் இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. எது முதல் விருப்பம் என்று மாலைக்குள் பதிய வேண்டும்.

அம்மா டயாலிசிஸ் நர்ஸ். அவள் முடிவு எப்போதோ முடிந்த முடிவு.

"அந்த மெஷின் எங்கள என்ன பாடு படுத்துது தெரியுமா? நீயே நல்லதா ஒண்ணு செஞ்சு குடு. ஏசி ரூம்ல உக்காந்த மாதிரியும் ஆச்சு."

"சிவில்ல என்னம்மா குறை?"

"வெயில்ல நின்னு கருவாடாப் போவ. அதோட..."

அந்த 'அதோட'வை அவள் ஒருநாளும் முடித்ததில்லை.

"சாமியே சொல்லட்டும். தொடர்ந்து மூணு ஆமா விழுந்தா நீ வாயத் திறக்கக் கூடாது," என்றாள். நானும் அசட்டு தைரியத்தில் தலையாட்டிவிட்டேன்.

சாமியிடம் குறி கேட்கத் தரையில் போடும், பிறைபோன்ற இரண்டு சிவப்புக் கட்டைகளை முதலில் நான் போட்டேன். "பயோமெடிக்கலா, சிவிலா?" இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி போட்டேன். மறுபடி சிரிப்பு.

"அதுவா இதுவான்னு கேட்டா அவர் என்னடி பண்ணுவார்? ஆமா, இல்ல, ரெண்டுதான் அவருக்குத் தெரியும். தள்ளு!"

அம்மா மண்டியிட்டு என் பெயர், பிறந்த நாள், விலாசம் எல்லாம் கடகடவென்று ஒப்பித்தாள். அதெல்லாம் சொல்லாவிட்டால் எந்த யூதோங் என்று சாமிக்கு எப்படித் தெரியும்? "பயோமெடிக்கல் சேக்கலாமா?" ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. ஆமா. மறுபடி ஆமா. மூன்றாவதும் ஆமா.

"பாத்தியா!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவள் ஒப்பித்தது உறைத்தது.

"அம்மா, எந்த விலாசம் சொன்ன?"

"நம்ம வீடுதான். மூணாவது மாடி..." சட்டென்று நிறுத்தினாள்.

அந்த வீடு இப்போது இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் நிலநடுக்கத்தில் கீழ்த்தளத் தூண்கள் நொறுங்கிக் கட்டடமே சாய்ந்துவிட்டது. எதிர்ச்சாரியில் போர்வையோடு நின்றோம். தலைக்கவசம் போட்ட ஒரு பெண் இன்ஜினியர் மிச்சமிருந்த தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, யாரும் நுழையக் கூடாது என்ற சிவப்பு அறிவிப்பை ஒட்டினாள். அன்றிலிருந்து எனக்குச் சிவில்தான். அன்றிலிருந்து அம்மா, நிலம் ஆடினால் உடனே ஓடுவதற்கு, கட்டிலருகே செருப்பு இல்லாமல் படுப்பதில்லை.

"அந்த மூணு ஆமாவும் அந்த வீட்ல இருந்த பிள்ளைக்குத்தாம்மா, எனக்கில்ல."

அம்மா கட்டைகளைக் கையில் உருட்டினாள். "அந்த வீட்டக் கட்டினவன நான் எவ்ளோ திட்டினேன். நாளைக்கு நீ கட்டினது சாஞ்சா, எவளாவது உன்ன அப்படித் திட்டுவாளே. அதான்டி பயம்."

"சாயக் கூடாதுன்னுதாம்மா போறேன்."

பின்னாலிருந்த பெண்மணி பொறுமையிழந்தாள். "அக்கா, எங்க வீட்லயும் மாலைக்குள்ள பதியணும்!"

அம்மா சாமியைப் பார்த்தாள். "விலாசம் மாறிடுச்சு, குறிச்சுக்கோங்க." புது வீட்டு விலாசத்தை நிதானமாகச் சொன்னாள். "இவ சிவில் படிக்கப் போறா. கேக்கல, சொல்றேன்." கட்டைகளைப் போடாமலே திருப்பி வைத்துவிட்டாள்.

வழியில் கேட்டாள்: "நீ கட்டுற முதல் வீட்ல எனக்கு ஒரு ரூம் உண்டுல்ல?"

"உண்டு."

"அங்க நான் செருப்ப வாசல்லயே விட்டுடுவேன்."